கார்த்தி இன்னொரு தன்ராஜ் ஆவாரா?

2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி, சனிக்கிழமை. நள்ளிரவைத் தாண்டியும் எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை. சென்னையில் ஆசியச் சாம்பியன்ஸ் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம். பாதி நேரத்தில் நம் மலேசியக் குழு 3-1 என்று முன்னணியில் இருந்தது. பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 4-3 என்று இந்தியா வென்றுவிட்டது.

அதே போட்டியின் முதற்சுற்றில் 5-0 என்று நம்மவர் தோற்றபோது, முதல் கோலைப் புகுத்தியவர் யார் தெரியுமா? கார்த்தி செல்வம் என்ற தமிழ்ப் பிள்ளை. நம் குழு தோற்கிறதே என்று வருந்துவதா, அடித்தவன் நம் பையன் என்று மகிழ்வதா? எனக்கு இரண்டுமே வந்தது.

கார்த்தி அரியலூர்க்காரர். தந்தை காவலாளி வேலை பார்த்தவர். கோவில்பட்டி அரசு விளையாட்டு விடுதியில் தங்கிப் பயின்றார். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கிண்ணப் போட்டி, எதிரணி பாகிஸ்தான். அதுதான் அவருக்கு முதல் அனைத்துலக ஆட்டம். இருபது வயதுப் பையன் அன்றே கோல் போட்டார். அப்போதே பலர் தன்ராஜ் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

ஒப்பிடலாம், தவறில்லை. தன்ராஜும் பூனாவை அடுத்த கட்கியில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்தான். தந்தை ஆயுதத் தொழிற்சாலைத் திடலைப் பராமரித்தவர். பிள்ளை உடைந்த மட்டையைக் கொண்டு புழுதியில் ஆடிப் பழகியது. அந்தப் பிள்ளை நான்கு உலகக் கிண்ணமும், 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கும் ஆடியது. 1998இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில்தான் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் பெற்றது. ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை கிட்டவில்லை. அதனால் யாராவது அவரைச் சிறியவர் என்பார்களா?

கணக்கு இங்கேதான் இருக்கிறது, வாசகர்களே. ஒரு கோலும் ஒரு கிண்ணமும் போதாது. பதினைந்து ஆண்டு ஓட வேண்டும். கார்த்திக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக் குழுவில் இடமே கிடைக்கவில்லை. அந்தக் குழு வெண்கலத்தோடு திரும்பியது. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வரும்போது அவருக்கு இருபத்தாறு வயதாகியிருக்கும். அதற்குள் இடம்பிடித்தால் பேசலாம். இப்போது கேட்டால், திறமை இருக்கிறது, பெரியவர் என்று சொல்ல இன்னும் நேரம் வரவில்லை என்பேன்.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 1975இல் கோலாலம்பூர் உலகக் கிண்ணத்தில் மலேசியா நான்காம் இடம் பெற்றது. ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜா என்று நம்மவர் பெயர்களை அப்பா இன்றும் ஒப்பிப்பார். அப்போது ஆட்டம் இயற்கைப் புல்லில். அடுத்த ஆண்டே மொண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் வந்தது. அன்றிலிருந்து ஹாக்கி செலவுபிடிக்கும் ஆட்டமாகிவிட்டது.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். செம்மண் திடலில் பந்து குதித்துக் குதித்து வரும். அவன் மட்டைக்கு வந்தால் அடங்கிவிடும். செயற்கைப் புல்லில் பழக வேன் பிடித்துப் பட்டணம் போக வேண்டும். "வேன் காசுக்கு எங்கே போவது வாத்தியாரே?" என்கிறார் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அவன் தகப்பனார். மாதம் இரண்டு சனிக்கிழமை நானே காரில் அழைத்துப் போகிறேன். போன வாரம் மட்டையின் பிடி கழன்றுவிட்டது. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.