ஆற்றங்கரைக்கு வருகிறவர்கள்

திருச்சிக்குக் கடற்கரை இல்லை என்ற குறையை ஒரு தலைமுறைக்கு முன்புவரை காவிரி மணல் தெரியாமல் பார்த்துக்கொண்டது. தண்ணீர் வற்றிய பங்குனி, சித்திரையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து எதிர்க்கரைச் சிந்தாமணி வரை பாதிக்குமேல் மணல்தான். ஓரிடத்தில் சடுகுடு. அங்கிருந்து நூறடியில் ஊற்றுத் தோண்டிக் குளிப்பவர்கள். மிச்சமிருக்கும் நீரோட்டத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். வெயில் தாழ்ந்ததும் வெற்றிலைப் பெட்டியோடு வந்து சேரும் பெரியவர்கள். சித்ரா பௌர்ணமியன்று நிலாச்சோற்றுத் தூக்கோடு வரும் குடும்பங்கள். ஒருவருக்கொருவர் இடைஞ்சல் என்றால் நாலடி தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். கேட் கிடையாது, காசும் கிடையாது.

மணல் லாரி ஏறிப் போனது. ஆற்றுப்படுகை இறங்கியது, மிஞ்சிய மேடுகளில் நாணலும் சீமைக்கருவேலமும் மண்டின. அங்கே கூடியவர்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போனார்கள்.

குடும்பங்களுக்கு முக்கொம்பு. ஆர்தர் காட்டன் 1836-ல் தொடங்கிக் கட்டிய மேலணை இருக்கும் இடம் அது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அந்த முனையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உட்காருவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது உடைந்து போனபோது ஊரே பதறியதற்கு விவசாயம் முதல் காரணம். பிள்ளைப் பருவத்து ஞாயிற்றுக்கிழமைகளும் கொஞ்சம் காரணம் என்று நினைக்கிறேன்.

2015-ல் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. ஆடுதீண்டாப்பாளை, எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை என்று புழுக்கள் தின்னும் செடிகளைத் தேடி வைத்து வளர்த்திருக்கிறார்கள். எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிபோட்ட புழு விளிம்பிலிருந்து அரித்துக்கொண்டிருக்கும். அதைப் படமெடுக்கக் கேமராக்காரர் மூச்சைப் பிடித்துக் குந்தியிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடுவார்கள். ஒருவருக்கு அமைதி வேண்டும், இன்னொருவருக்குக் கும்மாளம் வேண்டும். இரண்டு பேர் கேட்பதும் நியாயம்தான். பழைய மணலில் நாலடி தள்ளிப்போக இடமிருந்தது. நடைபாதைக்கு அந்த அகலம் கிடையாது. விடுமுறை நாளில் செடிகள் இருக்கும் பகுதியைக் காலை ஒரு மணி நேரமாவது பூச்சி பார்க்க வருபவர்களுக்கு மட்டும் விடலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

காற்று வாங்க வருபவர்கள் பாலத்தில் ஏறிவிட்டார்கள். 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தின் நடைபாதையில் மாலை ஆறு மணிக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நிற்பவர்கள் வரிசையைப் பாருங்கள்: கைக்குழந்தையோடு தம்பதி, கல்லூரிப் பிள்ளைகள், கடை அடைத்துவிட்டு வந்தவர், சுண்டல் விற்பவர். முதுகை உரசிக்கொண்டு பஸ் போகிறது. புகையைக் குடித்துக்கொண்டாவது ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கு இத்தனை ஆசை இருக்கிறது.

கொள்ளிடத்தில் அந்த ஆசைக்கு ஒரு நல்ல இடம் வாய்த்தது. 2016-ல் புதுப்பாலம் வந்ததும், 1928-ல் கட்டிய இரும்புப் பாலத்தில் வண்டிகள் நின்றன. காலையில் நடப்பவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். இரண்டு வருடம்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்தன. மணல் போனதால் தூண்களின் அடி பறிந்தது என்று பேசாதவர் ஊரில் இல்லை.

மணல் இருந்த அந்தக் காலத்தை மட்டும் பொன்னாகச் சொல்வதும் சரியில்லை. அந்தி நேரத்து மணல் பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்கள் ஆற்றுக்கு வந்தது குளிக்க, துவைக்க, குடம் நிரப்ப. வேலையில்லாமல் வந்து உட்கார அவர்களுக்கு நிலாச்சோறு வேண்டியிருந்தது, ஆடிப்பெருக்கு வேண்டியிருந்தது. இன்று விடியலில் ஸ்ரீரங்கம் உத்தர வீதிகளைப் பாருங்கள். புடவைக்குக் கீழே ஷூ போட்ட மாமிகள் கைவீசி நடக்கிறார்கள். சாமி கும்பிடவும் இல்லை, காய் வாங்கவும் இல்லை; நடக்கிறார்கள், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய மாற்றம் இந்த ஊரில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆடிப்பெருக்கு அன்று மட்டும் பழைய கூட்டம் மொத்தமும் அம்மா மண்டபத்தில் மறுபடி ஒன்றாகிறது: காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு, சித்ரான்னம். ஆறு வறண்ட வருடங்களில் ஷவர் வைத்துக் குளிக்க வைத்தார்கள். 2024-ல் வெள்ளம் புரண்டதால் போலீஸ் காவலுக்கு நடுவே படித்துறையை எட்டிப் பார்த்தார்கள்.

இத்தனை பேருக்கும் ஏதோ ஓரிடம் அமைந்துவிட்டது. அமையாதவர்கள் பூங்கா டிக்கெட்டுக்குக் காசில்லாத பையன்கள். கருவேலத்துக்கு நடுவே எஞ்சிய திட்டில் ஸ்டம்புக்குப் பதில் கழியை நட்டு ஆடுகிறார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் தெருவுக்கு வந்து, கண்ணாடி உடைத்ததற்குத் திட்டு வாங்குகிறார்கள். அவர்களுக்கு வேலியும் சிலையும் செயற்கை நீரூற்றும் வைத்த பூங்கா வேண்டாம். தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் சிந்தாமணிப் பக்கத்துக் கருவேலத்தை வேரோடு எடுத்து, குப்பை கொட்டுவதையும் சாக்கடை விடுவதையும் நிறுத்தினால் ஆனி வரை ஆடிக்கொள்வார்கள்.