எட்டாம் எழுத்தில் பிறந்த துதி

நன்றி சொல்ல நல்ல காலம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் நாம். விவிலியத்தின் புலம்பல் நூல் அப்படிக் காத்திருக்கவில்லை. கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோனியப் படை எருசலேமை எரித்தது; அந்த அழிவுக்கான அழுகைதான் அது. தாகத்தால் கைக்குழந்தையின் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டதைக்கூட அந்த நூல் சொல்கிறது. விடியும்தோறும் இரக்கத்தைப் புதுப்பிக்கும் கடவுள் வாக்கு மாறாதவர் என்ற துதி எழுவதும் அதே நூலில்தான், 3ஆம் அதிகாரத்தில்.

அந்த அதிகாரத்தின் 66 வசனங்களும் எபிரேய மொழியின் 22 எழுத்துகளுக்கு மும்மூன்றாக, அந்தந்த எழுத்திலேயே தொடங்கும்படி அமைந்தவை. துதி தொடங்குவது எட்டாம் எழுத்தான 'ஹேத்'தில். எழுத்துக் கட்டுக்காக வந்து விழுந்த சொற்கள்தானே என்று கேட்கலாம். ஆனால் வாளைக் குறிக்கும் 'ஹெரெப்', இருளைக் குறிக்கும் 'ஹோஷெக்' இரண்டுக்கும் அதே முதலெழுத்துதான். வாளும் இருளும் கண்முன் நிற்க, கவிஞர் எடுத்தது மாறாத அன்பைச் சொல்லும் 'ஹெசெத்'. எவ்வளவு துணிவான தேர்வு! மனதைத் தேற்றிக்கொள்ளும் பேச்சுதான் இது என்றால், நூல் துதியோடு முடிந்திருக்கும். முடியவில்லை, அடுத்த இரண்டு அதிகாரங்களிலும் அழுகை தொடர்கிறது. கண்ணீரை மறைக்காத நன்றி என்பதால்தான் அதை நம்ப முடிகிறது. துயரில் இருக்கும் நேயர்களே, அந்த 3ஆம் அதிகாரத்தை இன்றிரவு முழுதாக வாசித்துப் பாருங்கள்.