தங்குகடலுக்குப் போகும் முன்

கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் ஆழ்கடலுக்குக் கிளம்பி நிற்கும் விசைப்படகை எட்டிப் பார்த்தால், பாதி மளிகைக் கடையும் பாதி பெட்ரோல் பங்க்கும் சேர்ந்தாற்போல இருக்கும். டீசல், ஐஸ் கட்டிகள், குடிநீர் டேங்க், அரிசி மூட்டை, வெங்காயம், சமையல் கேஸ் சிலிண்டர். இவற்றுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பேர் முப்பது நாள், நாற்பது நாள் உண்டு உறங்கி வேலை செய்யப்போகிறார்கள். அவர்களில் பலர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடி முதல் இரையுமன்துறை வரை அடுத்தடுத்து அமைந்த எட்டுக் கடற்கரை ஊர்க்காரர்கள். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள். இப்படிப் பல நாள் கடலிலேயே தங்கிச் செய்யும் தொழிலுக்குத்தான் தங்குகடல் என்று பெயர்.

வீடும் அதே படகுதான், வேலையிடமும் அதே படகுதான். ஆனால் தொழிற்சாலைக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இந்தத் தளத்துக்கு முழுசாக எட்டுவதில்லை. கடலில் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் உதவி வருமா, குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேருமா என்பது பெரும்பாலும் படகு கயிறு அவிழ்க்கும் முன்பே, கரையில் எழுதிய அல்லது எழுதாமல் விட்ட காகிதத்தில் முடிவாகிவிடுகிறது.

யார் யார் படகில்?

2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்கு அருகே வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே ஒக்கி புயலாகிக் குமரி முனைக்குத் தெற்கே நின்றது. புயல் எச்சரிக்கை வந்தபோது தங்குகடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தன. கரையில் இருந்தவர்களிடம் சேதி சொல்லலாம். இருநூறு கடல் மைலுக்கு அப்பால் இருந்தவர்களிடம் சொல்ல வழியில்லை. தப்பியவர்கள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறினார்கள்.

அதன் பிறகு வந்த குழப்பம் வேறு விதமானது. எத்தனை பேரைக் காணவில்லை என்பதிலேயே அரசின் கணக்கும் ஊர்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. தேவாலயப் பங்குச் சபைகளும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்க வேண்டியதாயிற்று. படகின் பெயர் தெரிந்தது. அதில் ஏறியவர்களின் பெயர் எந்த அலுவலகத்திலும் முழுமையாக இல்லை.

பெயர் இல்லாததன் விலை எவ்வளவு என்பதற்கு இன்னொரு வழக்கு சாட்சி. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'செயின்ட் ஆன்டனி' படகின்மீது 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், இத்தாலி ரூ.10 கோடி கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா ரூ.4 கோடியும் படகு உரிமையாளருக்கு ரூ.2 கோடியும் என்று பிரித்தது. அதே படகில் உயிர் பிழைத்த மற்றத் தொழிலாளர்களுக்கு அந்தப் பங்கீட்டில் ஒன்றும் இல்லை. அவர்கள் தனியாக மனுப்போட்ட பிறகுதான், 2022-இல், உரிமையாளருக்கான தொகையிலிருந்து தலா ரூ.5 லட்சம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே கிளம்பும் நாளில் செய்ய வேண்டிய முதல் வேலை: படகின் பதிவு எண், ஒவ்வொருவரின் முழுப்பெயர், மீனவர் அடையாள அட்டை அல்லது ஆதார் எண், வாரிசு, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றோடு ஒரு தாள். அதில் ஒரு பிரதி மீன்வளத்துறை அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ, ஒன்று உரிமையாளர் வீட்டுக்கு. கைப்பேசியில் படம் எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிவிடலாம். கடைசி நேரத்தில் ஆள் குறைகிறது என்று துறைமுகத்திலேயே ஏற்றிக்கொள்ளும் வெளிமாநிலத் தொழிலாளியின் பெயர்தான் வழக்கமாக விட்டுப்போகிறது.

உறங்கும் நேரம்

2018 ஆகஸ்ட் 7 அதிகாலை. முனம்பத்திலிருந்து போன 'ஓஷியானிக்' படகில் 14 பேர்; பெரும்பாலோர் குமரி மாவட்டத்தவர். பலர் உறக்கத்தில் இருந்தபோது பெரிய கப்பல் மோதி, படகு உடைந்து மூழ்கியது. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் 'ரப்பா' என்ற படகுக்கும் அதே கதி. அதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களோடு வங்காளத்துத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

கப்பல் பாதையில் படகை மிதக்க விட்டு எல்லோரும் படுப்பது உயிரோடு சூதாடுவது. கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி எந்த நேரமும் ஒருவர் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். மடி இழுக்கும் படகு பச்சை விளக்கும் அதற்குக் கீழே வெள்ளை விளக்கும் போட வேண்டும். வலை, தூண்டில் தொழில் செய்யும் படகுக்குச் சிவப்பும் கீழே வெள்ளையும். மீன் கவர மின்னும் வண்ண விளக்குகளைக் கண்டபடி தொங்கவிட்டால், வரும் கப்பலின் மேல்தளத்தில் இருப்பவருக்கு இது என்ன படகு, எந்தப் பக்கம் போகிறது என்று விளங்காது.

மோதிவிட்டு நிற்காமல் போகும் கப்பலும் தப்பிவிட முடியாது. கப்பலின் பெயரோ, முடியாவிட்டால் அதன் நிறமும் போன திசையும் நேரமும் மோதிய இடத்தின் ஜி.பி.எஸ். எண்களுமோ இருந்தால், அந்நேரம் அங்கே போன கப்பல்களைத் தேடிப்பிடிக்கலாம். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் படகுச் சேதத்துக்கும் ஈடு கேட்டுக் கப்பலையே துறைமுகத்தில் நிறுத்திவைக்கச் சொல்லி சென்னை, கேரளா உள்ளிட்ட கடலோர மாநில உயர் நீதிமன்றங்களில் மனுச் செய்ய 2017-ஆம் ஆண்டின் கடல்சார் உரிமைச் சட்டம் இடம் தருகிறது.

படகுக்குள்ளேயே இருக்கும் ஆபத்துகள் சத்தம் போடாதவை. மீன் அறையின் அடியில் கழிவு மீனும் ஐஸ் உருகிய நீரும் தேங்கி அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயுவின் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் சரிந்தார் என்று பார்த்து அடுத்தவர் குதிப்பார், அவரும் சரிவார். மூடியைத் திறந்து நன்றாகக் காற்று விட்ட பிறகு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் இறங்க வேண்டும். மயங்கியவரை மீட்பதும் அந்தக் கயிற்றால்தான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் எஞ்சின் அறைப் பள்ளத்தில் இறங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டரைத் திறந்த தளத்தில் கட்டிவைப்பதும் ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் வால்வை மூடுவதும் அதனால்தான்.

இன்னொன்று, வெளியே பேசக் கூசுவது. கழிப்பறை இல்லாத படகில் இரவில் பின்தளத்து விளிம்பில் உட்காருகிறவர் அலை தூக்கிப் போட்டால் கடலில் விழுவார். எஞ்சின் சத்தத்தில் அவர் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. விளிம்பில் கைப்பிடிக் கம்பி, பக்கத்தில் மிதவை வளையம், போகும்போது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம். மூன்றும் பெரிய செலவில்லை.

கூப்பிடும் வழிகள்

வி.ஹெச்.எஃப். கருவி பார்வைக்கோட்டில்தான் பேசும். கரையிலிருந்து இருபது, இருபத்தைந்து கடல் மைலுக்கு மேல் அதை நம்பக் கூடாது. ஆனால் பக்கத்துப் படகையும் போகும் கப்பலையும் 16-ஆம் சேனலில் கூப்பிட அதைவிட நல்ல கருவி இல்லை. "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர், ஜி.பி.எஸ். எண்கள், என்ன ஆபத்து, எத்தனை பேர். இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதிக் கருவிக்கு மேலே ஒட்டிவைத்தால், ஓட்டுநர் மயங்கி விழுந்தாலும் சமையல்காரர் படித்துச் சொல்லலாம்.

அதற்கு அப்பால் செயற்கைக்கோள்தான் துணை. 2024-இல் ஒன்றிய அரசு ரூ.364 கோடியில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. மீனவர் பணம் கட்ட வேண்டியதில்லை. இரு பக்கமும் குறுஞ்செய்தி போகும், வானிலை எச்சரிக்கை வரும், எல்லை நெருங்கினால் சொல்லும். இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவியில் இரண்டாம் தலைமுறை வந்திருக்கிறது. பழைய கருவியில் பொத்தானை அமுக்கியவருக்குச் சேதி சேர்ந்ததா என்று தெரியாது. புதியதில் பதில் வரும். மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று டிரான்ஸ்பாண்டரை அணைத்துவைக்கும் படகைத் தேட வருகிறவர்களுக்கு, அது கடைசியாகத் தெரிந்த இடம் மட்டுமே துப்பாக இருக்கும்.

வளைகுடாவிலிருந்து வாங்கிவந்த செயற்கைக்கோள் தொலைபேசியை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு வரும். பி.எஸ்.என்.எல். வழியாக உரிமத்தோடு வாங்கியதுதான் செல்லும். கரையிலிருந்து வீட்டார் கூப்பிட வேண்டிய எண்கள் இரண்டு: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்பு போலீஸ் 1093. கடலில் நெஞ்சுவலி வந்தவரை ஏற்றிவரவும் 1554-தான்.

எல்லைக்கு அப்பால்

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் மீன்பிடிச் சட்டம். அங்கிருந்து 200 கடல் மைல் வரை ஒன்றிய அரசின் பொறுப்பு. மீன் எல்லை பார்த்து ஓடுவதில்லை, நீரோட்டமும் பார்ப்பதில்லை. சாகோஸ் தீவுகளை ஒட்டிய கடலில் 2010 முதல் வணிக மீன்பிடிப்புக்குத் தடை. அங்கே குமரிப் படகுகள் பலமுறை பிடிபட்டு அபராதம் கட்டி மீண்டிருக்கின்றன.

பிடிபட்டவருக்கும் உரிமை உண்டு. ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 73-ஆவது பிரிவு, வேறொரு நாட்டின் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடித்துப் பிடிபட்ட படகையும் ஆட்களையும் நியாயமான பிணைத்தொகையின்பேரில் விரைவாக விட வேண்டும் என்கிறது. இரு நாடுகளும் தனியே ஒப்புக்கொண்டிருந்தாலொழிய சிறைத்தண்டனை கூடாது. படகின் சொந்த நாட்டுக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். பிடிக்கும் நாட்டின் 12 கடல் மைல் எல்லைக்குள் புகுந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பாக் நீரிணையிலும் இதை நம்பிப் போக முடியாது. அங்கே எல்லை தாண்டினால் இலங்கைச் சட்டப்படிதான் வழக்கு. இழுவை மடியை அந்நாடு 2017-இல் முற்றாகத் தடை செய்திருக்கிறது.

எங்கே பிடிபட்டாலும் இந்தியத் தூதரகத்தோடு பேச வேண்டும் என்று கேட்பது உரிமை. புரியாத மொழியில் நீட்டும் தாளில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. வீட்டார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்தால் ஒரு எண் கிடைக்கும். அடுத்தடுத்த மனுக்களில் அந்த எண்ணைக் குறிப்பிடலாம்.

பங்கு, ஓய்வு

தங்குகடலில் மாதச் சம்பளம் அபூர்வம். டீசல், ஐஸ், ரேஷன் செலவு போக மிச்சத்தில் பங்கு. பாடு மோசமென்றால் நாற்பது நாள் உழைத்தவர் கையில் முன்பணக் கடன்தான் மிஞ்சும். செலவு எவ்வளவு, விற்பனை எவ்வளவு என்ற சீட்டைப் பார்க்கக் கேட்பது தொழிலாளியின் நியாயமான உரிமை. பங்கு விகிதத்தைக் கிளம்பும் முன்பே இரண்டு சாட்சிகளோடு எழுதிக்கொண்டால் பிறகு சண்டை இராது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் ஒப்பந்தம், மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகுகளில் 24 மணி நேரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரமும் வாரத்துக்கு 77 மணி நேரமும் ஓய்வு, எழுத்துவடிவ வேலை ஒப்பந்தம், மருத்துவச் சான்று, போதிய உணவு, குடிநீர் எல்லாவற்றையும் வலியுறுத்துகிறது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 16. ஒக்கிக்கு இரண்டு வாரம் முன்பு. தாய்லாந்து ஏற்றிருக்கும் இந்த ஒப்பந்தத்தில் இந்தியா இன்னும் சேரவில்லை. அதனால் நீதிமன்றத்தில் அதைக் காட்டி நேரடியாக உரிமை கோர முடியாது. சங்கங்கள் கோரிக்கை வைக்கும்போது அளவுகோலாகக் காட்டலாம்.

இழப்பு நேர்ந்தால்

பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் ரூ.5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ரூ.2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு ரூ.25,000. 18 முதல் 70 வயது வரை உள்ள மீனவர்களுக்கான இதன் பிரீமியத்தை ஒன்றிய, மாநில அரசுகளே கட்டுகின்றன. ஆனால் பெயர் சேர்ந்திருக்க வேண்டும். சங்க உறுப்பினர் அட்டை இருப்பதாலேயே காப்பீட்டில் பெயர் இருக்கிறது என்று ஆகாது. மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். விபத்துக் காப்பீடு என்பதால், விபத்து நடந்ததைக் காட்டும் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் கோரிக்கை நகராது.

உடல் கிடைக்காத குடும்பத்தின் பாடு இன்னும் கடினம். காணாமல் போனவர் ஏழு ஆண்டு தகவலின்றி இருந்தால்தான் இறந்ததாகக் கொள்வது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களை அவ்வளவு காலம் காக்கவைக்காமல் தமிழ்நாடு அரசு தலா ரூ.20 லட்சம் நிவாரணம் கொடுத்தது. அது அந்தப் பேரிடருக்கென எடுத்த முடிவு. ஒற்றைப் படகு காணாமல் போனால் தானாகக் கிடைத்துவிடாது. அங்கே கடலோர போலீசில் தாமதமில்லாமல் பதிந்த புகார், பெயர்ப் பட்டியல், டிரான்ஸ்பாண்டரின் கடைசிப் பதிவு, உடன் போன படகுக்காரர்களின் எழுத்து வாக்குமூலம் ஆகியவற்றை வைத்தே மாவட்ட ஆட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம். அழைக்க வேண்டிய எண் 15100.