ஒரு ஓட்டில் பிழைத்த ஓய்வூதியம்

முதலாளித்துவத்தை ஒழிக்காமல் பழக்கியெடுக்கப் பார்த்தது ஸ்வீடனின் சமூக ஜனநாயகம். அதன் வெற்றியிலேயே அதன் நெருக்கடியும் ஒளிந்திருந்தது.

1959 மே 14. ஸ்வீடன் நாடாளுமன்றக் கீழவையில் ஓய்வூதிய மசோதா மீது வாக்கெடுப்பு. ஆளும் சமூக ஜனநாயகக் கட்சிக்கும் அதை ஆதரித்த கம்யூனிஸ்டுகளுக்கும், சபாநாயகர் நீங்கலாக, 115 ஓட்டுகள். எதிர்த்தரப்புக்கும் 115. ஆனால் லிபரல் கட்சி உறுப்பினர் தூரே கோனிக்சன் தன் கட்சியோடு நிற்காமல் நடுநிலை வகித்தார். 115-114. மசோதா தப்பியது.

அதற்காகவே 1957ல் கருத்தறியும் வாக்கெடுப்பு நடந்து, கூட்டணி முறிந்து, 1958ல் கீழவைக்கு முன்கூட்டியே தேர்தலும் வந்திருந்தது. அலுவலக அதிகாரிகளுக்கு இருந்த சம்பள அடிப்படையிலான ஓய்வூதியம் ஆலைத் தொழிலாளிக்கும் சட்டப்படி உண்டா என்பதே சண்டை. முப்பதாண்டு உழைப்பில் வருமானம் அதிகமாக இருந்த 15 ஆண்டுகளின் சராசரியை வைத்து ஓய்வூதியம் கணக்கிடப்படும் என்றது புதிய சட்டம்.

இந்த இடத்துக்கு வர கட்சிக்கு 70 ஆண்டுகள் பிடித்தன. 1889ல் மார்க்சியக் கட்சியாகத் தொடங்கியது, புரட்சியைக் கைவிட்டு ஓட்டுப் பெட்டியை நம்பியது. 1928ல் அதன் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் நாட்டையே ஒரு வீடாக உருவகித்தார்: செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை. 1931ல் ஓடாலென் பகுதியில் தொழிலாளர் ஊர்வலத்தின் மீது ராணுவம் சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே ஹான்சன் பிரதமரானார்.

பேரத்தின் கலை

அவருக்குப் பெரும்பான்மை இல்லை. 1933ல் விவசாயிகள் கட்சியோடு செய்த உடன்பாட்டை 'மாட்டு வியாபாரம்' என்றே அழைத்தார்கள்: விளைபொருளுக்கு விலை ஆதரவு, வேலையற்றவர்களுக்குக் கூலியோடு வேலை. 1938ல் சால்ட்ஷோபாடனில் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்க சம்மேளனமும் கைகுலுக்கின. ஆலை முதலாளியிடமே இருக்கட்டும். கூலியைப் பேசித் தீர்ப்போம், வரியைக் கொண்டு வாழ்வைப் பகிர்வோம் என்பதே சாரம். 1936ல் சில மாதங்கள் தவிர, 1976 வரை 44 ஆண்டுகள் பிரதமர் பதவி இக்கட்சியிடமே இருந்தது.

அந்த வீட்டில் இருட்டறையும் இருந்தது. 1930களில் வந்த கருத்தடைச் சட்டங்களின்படி 1975 வரை சுமார் 63,000 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் பலர் வற்புறுத்தலுக்கு உள்ளானவர்கள். 1999ல்தான் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. எல்லோருக்கும் நல்லது செய்ய நினைக்கும் அரசு, யார் 'எல்லோரில்' சேர்த்தி என்பதையும் தானே முடிவுசெய்தது.

அடுத்த சிக்கல் பொருளாதாரத்தில். ஒரே வேலைக்கு எங்கும் ஒரே கூலி என்பது தொழிற்சங்கக் கொள்கை. நலிந்த ஆலைகள் மூடப்பட்டால் தொழிலாளிக்கு வேறு வேலைக்குப் பயிற்சி. ஆனால் கொழுத்த நிறுவனங்கள் கூடுதல் கூலி தர வேண்டியதில்லை. லாபம் அங்கேயே குவிந்தது. அந்த லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்கு மாற்றலாம் என்றார் பொருளாதார அறிஞர் ருடால்ஃப் மைட்னர். 1976ல் தொழிற்சங்க மாநாடு அதை ஏற்றது. அதே ஆண்டு கட்சி தேர்தலில் தோற்றது. அணுமின் பிரச்சினைக்கும் அதில் பங்குண்டு.

மீண்டும் ஆட்சிக்கு வந்த ஓலோஃப் பால்மே 1983ல் நீர்த்துப்போன வடிவில் நிதிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, முதலாளிகள் தரப்பு ஸ்டாக்ஹோம் தெருக்களில் பல்லாயிரம் பேரைத் திரட்டியது. நிதியமைச்சர் ஷெல்-ஓலோஃப் ஃபெல்ட்டே அவையில் உட்கார்ந்து அந்த நிதியைக் கிண்டலடித்துக் கவிதை எழுதியது பத்திரிகைப் புகைப்படத்தில் அம்பலமானது. 1991ல் வந்த வலதுசாரி ஆட்சி நிதிக்கு மூடுவிழா நடத்தியது. உடைமையில் கைவைத்த இடத்தில் பழைய பேரம் முறிந்தது.

அதன்பின் கட்சியும் மாறியது. 1994ல் 45 சதவீதமாக இருந்த ஓட்டு 2022ல் 30 சதவீதம். அப்போதும் அதுவே பெரிய கட்சி. ஆனால் குடியேற்றத்தை எதிர்க்கும் ஸ்வீடன் ஜனநாயகவாதிகள் 20 சதவீதத்துக்கு மேல் பெற்று இரண்டாமிடம் பிடித்தார்கள். வீட்டில் யாருக்கு இடம் என்ற பழைய கேள்வி வேறு வேடத்தில் திரும்பியிருந்தது.

கோனிக்சன் காப்பாற்றிய ஓய்வூதியத்துக்கு என்ன ஆயிற்று? 1990களின் பொருளாதாரச் சரிவுக்குப்பின் ஐந்து கட்சிகள் கூடிப் பேசி அதை மாற்றின. இப்போது வாழ்நாள் முழுதும் செலுத்திய தொகையே கணக்கு. அதில் ஒரு சிறு பங்கு தனிநபர் முதலீட்டுக்குப் போகிறது. மாற்றத்துக்கு உடன்பட்ட கட்சிகளில் சமூக ஜனநாயகக் கட்சியும் ஒன்று. எனினும், தொழிலாளிக்கும் சட்டப்படி ஓய்வூதியம் உண்டு என்பதை அந்த ஐவரில் ஒருவரும் மறுக்கவில்லை. 1959ல் ஒரு ஓட்டில் தொங்கிய விஷயம் அது.