நரம்பு முனையில் கதவு திறக்கும் கணம்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது, மின்தூண்டல் ஆக்சான் முனையை அடைந்ததும் நரம்புணர்வு கடத்திகள் வெளிப்படும் என்று சொல்கிறோம். என் வகுப்பில் அந்த இடத்தில் அடிக்கடி ஒரு கை உயரும். "சார், கரண்ட் வந்தா கெமிக்கல் எப்படி சார் வெளியே வரும்?" மிகச் சரியான கேள்வி. இதற்கான விடை கால்சியத்தில் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஒரு நரம்புச் செல்லின் முனைக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. மூளையில் அதன் அகலம் ஏறத்தாழ 20 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறுகளாக்கினால் அதில் ஒன்று. பெரும்பாலான இணைப்புகளில் மின்தூண்டல் இந்த இடைவெளியைத் தாண்டுவதில்லை. முனையின் உள்ளே நரம்புணர்வு கடத்திகள் நிரம்பிய நுண்பைகள் செல்சவ்வை ஒட்டித் தயாராக நிற்கின்றன.

முனைக்கு வெளியே உள்ள கால்சியம் அயனிகளின் செறிவு, உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. ஆனால் செல்சவ்விலுள்ள கால்சியம் கதவுகள் மூடியிருக்கின்றன. இந்தக் கதவுகள் ஒருவகைப் புரதங்கள். ஓய்வு நிலையில் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையுடன் இருக்கும். தூண்டல் வந்து சேர்ந்ததும் ஒரு கணம் இந்நிலை தலைகீழாகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து கதவுகள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது.

மின்சாரத்தின் வேலை இங்கே கதவைத் திறப்பதுதான். அடுத்த வேலை கால்சியத்துடையது. நுண்பையின் மேல் சினாப்டோடாக்மின் என்ற புரதம் உள்ளது. கால்சியம் அதனுடன் சேர்ந்ததும், நுண்பையையும் செல்சவ்வையும் பிணைத்து வைத்திருக்கும் புரத இழைகள் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடுகின்றன. பை திறந்து கடத்திகள் இடைவெளியில் கொட்டுகின்றன. எதிரிலுள்ள செல்லின் ஏற்பிகளில் போய்ச் சேர்கின்றன. கால்சியம் நுழைந்ததிலிருந்து பை திறக்கும்வரை ஒரு மில்லி நொடிகூட ஆவதில்லை.

இதை எப்படிக் கண்டறிந்தார்கள் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். 1960-களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்னார்டு கட்ஸ், ரிக்கார்டோ மிலேடி இருவரும் தவளையின் நரம்பும் தசையும் சேரும் இடத்தை ஆராய்ந்தனர். சுற்றியுள்ள நீர்மத்தில் கால்சியம் இல்லாதபோது மின்தூண்டல் முனைவரை வந்தது. ஆனால் கடத்தி வெளிவரவில்லை. நுண்ணிய கண்ணாடிக் குழாய் வழியே அந்த இடத்தில் சிறிது கால்சியத்தைச் செலுத்தியதும் மீண்டும் வெளிவந்தது. தூண்டலுக்குச் சற்றுமுன் செலுத்தினால்தான் பலன். தூண்டல் முடிந்தபின் செலுத்தினால் பலனில்லை. கட்ஸ் 1970-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதை வகுப்பில் விளையாட்டாகவே நடத்தலாம். ஆறு மாணவர்கள் வரிசையாக நின்று தோளைத் தட்டித் தூண்டலைக் கடத்தட்டும். வரிசையின் முடிவில் இருவர் கைகோத்துக் கதவாக நிற்கட்டும். கதவுக்கு வெளியே நால்வர் கால்சியம். உள்ளே ஒருவர் காகிதப் பந்துகள் நிறைந்த பையுடன் இருக்க, பையின் வாயை ஒரு நூலால் சுருக்கு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். எதிரே சிலர் ஏற்பிகள்.

முதல் சுற்றில் தூண்டல் வரும், கதவு திறக்கும், கால்சியம் ஓடிவந்து நூலை இழுக்கும், பந்துகள் எதிர்ப்புறம் பறக்கும். இரண்டாம் சுற்றில் கால்சியத்தை உட்காரவைத்துவிடுங்கள். தூண்டல் வந்தும் ஒன்றும் நடக்காது. இது கட்ஸின் சோதனை. மூன்றாம் சுற்றில் எல்லாரும் இருப்பார்கள். ஆனால் இழுக்கும் நூலை முன்னதாகவே முடிச்சருகில் வெட்டிவிடுங்கள். கால்சியம் வந்தும் பை திறக்காது. தொடக்க வகுப்புகளில் கடினமான பெயர்களைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் சுற்று உண்மையில் ஒரு நோய். அதுதான் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ். மண்ணிலுள்ள பாக்டீரியா காயத்தின் வழியே புகுந்து ஒரு நச்சை உண்டாக்குகிறது. அந்த நச்சு நரம்பு வழியே தண்டுவடத்தை அடைந்து, தசைகளைத் தளரச் சொல்லும் நரம்புச் செல்களுக்குள் நுழைந்து, நுண்பையின் புரத இழையை வெட்டிவிடுகிறது. அடக்கும் செய்தி கிடைக்காமல் தசைகள் இறுகுகின்றன, தாடை பூட்டிக்கொள்கிறது, மூச்சுக்கே ஆபத்து வரலாம். நரம்புக்குள் புகுந்துவிட்ட நச்சை முறிக்க மருந்து இல்லை. ஆகவே முன்கூட்டியே தடுப்பதே வழி.

10 வயதிலும் 16 வயதிலும் நம் மாணவர்களுக்குப் போடப்படும் டி.டி. தடுப்பூசி இதற்காகத்தான், அது தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கிறது. ஊசி என்றதும் அன்று விடுப்பு எடுக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம். தடுப்பூசி முகாமுக்கு முந்தைய வாரத்தில் இந்த மூன்று சுற்றுகளையும் நடத்திவிடுங்கள். ஊசி எதற்கு என்று வீட்டில் கேட்டால், பிள்ளைகளே விளக்கிச் சொல்வார்கள்.