ஃபாக்ஸ்ப்ரோவில் தேதி: காட்டுவது வேறு, படிப்பது வேறு

விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ திரையில் 05/04/2024 என்று தெரியுது. இது ஏப்ரல் 5ஆ, மே 4ஆ? தேதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ‘செட் டேட்’ எந்த நிலையில் இருக்குன்னு தெரியணும். எதையும் மாற்றாமல் விட்டால் அமெரிக்கன், அதாவது மாதம் முதலில். நம்ம வழக்கப்படி நாள் முதலில் வேணும்னா ‘செட் டேட் பிரிட்டிஷ்’. (இந்தியன்னு தனியாக ஒன்று கிடையாது.) ஜெர்மன் என்றால் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வரும். வருடம் நாலு இலக்கமாகத் தெரிய ‘செட் சென்ச்சுரி ஆன்’.

இதெல்லாம் திரைக்குத்தான். டேபிளில் தேதி எப்பவும் 20240405 என்று எட்டு இலக்கமாகவே இருக்கும். ஃபார்மேட்டை எத்தனை தடவை மாற்றினாலும் சேமித்த தேதி அசையாது. ‘அப்புறம் என்ன கவலை?’ன்னு இங்கேதான் பலரும் விட்டுடறாங்க.

எழுத்தைத் தேதியாக மாற்றும் ‘சிடிஓடி’ ஃபங்ஷன், ‘செட் டேட்’ சொல்கிற வரிசையில்தான் படிக்கும். அமெரிக்கன் நிலையில் 25/04/2024 கொடுத்தால் 25வது மாதம் ஏது? எர்ரர் எதுவும் காட்டாமல் காலித் தேதியைத் திருப்பித் தரும். அதையாவது கண்டுபிடிச்சிடலாம். மாதத்தின் முதல் 12 நாட்கள்தான் ஆபத்து. வருடத்துக்கு இப்படி 144 தேதிகள். 1/1, 2/2 மாதிரி திருப்பினாலும் மாறாதவை 12 போக, மீதி 132 தேதிகள் சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போயிடும்.

ஏப்ரல் 5 கடன் தவணை கட்டியவர் கணக்கில் மே 4 என்று ஏறினால், 29 நாள் வட்டி அவர் தலையில். டேபிளில் 20240504 என்று பதிந்த பிறகு ‘செட் டேட்’டை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

‘புரோகிராம் ஆரம்பத்திலேயே பிரிட்டிஷ் போட்டுட்டேனே’ என்பீர்கள். போதாது. ஒரு ஃபார்முக்குத் தனி டேட்டா செஷன் கொடுத்திருந்தால், அதற்குள் ‘செட் டேட்’ மறுபடி இயல்பு நிலையிலிருந்தே தொடங்கும். அந்த ஃபார்மின் லோட் பகுதியிலும் அதே வரியை எழுதணும்.

கோடுக்குள் நீங்களே தேதி எழுதும் இடங்களில் ‘சிடிஓடி’யை விட்டுடுங்க. ‘டேட்(2024, 4, 5)’ என்று வருடம், மாதம், நாளைத் தனித்தனியாகக் கொடுத்தால் எந்த அமைப்பும் அதைக் குழப்பாது. இன்டெக்ஸில் தேதியை எழுத்தாக்கிச் சேர்க்கணும்னா ‘டிடிஓஎஸ்’ பயன்படுத்துங்க, அது 20240405 வடிவில் தரும். ‘டிடிஓசி’யை அப்படியே போட்டால், பிரிட்டிஷ் நிலையில் எல்லா மாதத்தின் ஒன்றாம் தேதிகளும் ஒரே கும்பலாக முன்னால் வந்து நிற்கும்.