பணியிடத்துக் காயமும் இழப்பீடும்

தஞ்சைத் தரணியில் நீர் தானாகப் பாய்வதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. கல்லணையை வந்தடையும் அந்நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, எண்ணற்ற மதகுகளைக் கடந்தே வயலைச் சேருகின்றது. மதகின் பலகையை ஏற்றவும் இறக்கவும் ஒரு கை வேண்டும். இரவிலும் மழையிலும் கரையைக் காக்கின்ற லஸ்கரின் கை அது. அந்தக் கைக்கு ஊறு நேர்ந்தால் செய்ய வேண்டியது யாது என்பதையே நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேரும் காயத்துக்கு முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்னும் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மேட்டூர் அணையின் கட்டுமானம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு அது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிற்கின்றது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. இத்தகைய வேலைகளில் சர்க்கார் இலாகாவும் ஒரு முதலாளியே. ஒப்பந்தக்காரர் வழியாகக் கரை கட்ட வந்தவரும் அந்த இலாகாவிடமே ஈடு கோரலாம். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்க்கும், ஓய்வூதிய விதிகளுக்கு உட்பட்ட அலுவலக ஊழியர்க்கும் வழி வேறு.

சட்டம் இவ்வாறிருக்க, நம்மவர் செய்வதென்ன? விரல் நசுங்கினால் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகின்றனர். மேலதிகாரியிடம் சொன்னால் பழி நம்மீதே விழுமோ என்னும் அச்சம் ஒருபுறம். ஆறிவிடும் என்னும் நம்பிக்கை ஒருபுறம். சீழ் பிடித்து விரலை எடுக்க நேர்ந்த பின், அது மதகில் நேர்ந்த காயந்தான் என்று மெய்ப்பிக்கச் சாட்சி கிடைப்பதில்லை. உண்மையில், தொழிலாளியின் சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடிபோதை, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறுதல் போன்றவையே தடையாகும். மரணத்திலும் முழு நிரந்தர ஊனத்திலும் அவையுங்கூடத் தடையாவதில்லை.

ஆகவே காயம் பட்ட அன்றே எழுத்தில் அறிவியுங்கள். நாள், நேரம், இடம், நேர்ந்த விதம், உடனிருந்தவர் பெயர் ஆகிய ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் மருத்துவரிடம், வேலையில் ஏற்பட்ட காயம் என்று சொல்லிப் பதிவு செய்யச் செய்யுங்கள். அறிவிப்பு கிடைத்த மூன்று நாளுக்குள் இலாகா தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். ஈடு கிடைக்காவிடில், இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்ய வேண்டும்.

தொகை எவ்வளவு? நாற்பது வயதான ஒருவர் மாதம் 10,000 ரூபாய் ஊதியம் பெறுகிறார் என்று கொள்வோம். மதகின் பற்சக்கரத்தில் சிக்கி அவருடைய கட்டைவிரல் போய்விட்டது. ஊதியத்தில் நூற்றுக்கு 60 பங்கு 6,000 ரூபாய். நாற்பது வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 11,05,020 ரூபாய். கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணை குறிப்பது நூற்றுக்கு 30. ஆகவே அவருக்குச் சேர வேண்டியது 3,31,506 ரூபாய். மருத்துவச் செலவு இதற்குப் புறம்பானது. இத்தொகை கருணையால் அளிக்கப்படும் உதவி அன்று; உழைத்தவர்க்குரிய உரிமை. ஏதோ சிறிது பெற்றுக்கொண்டு, இனி ஒன்றும் கேளேன் என்று எழுதிக் கொடுத்தாலும், அவ்வுரிமையைப் பறிக்கும் அந்த எழுத்து செல்லாது.

மனு எழுதத் தெரியாத லஸ்கர்கள் நம் கரைகளில் இன்றும் உண்டு. அவர்கள் திறந்துவிட்ட நீரில் குறுவையும் சம்பாவும் விளைவிக்கும் நாம், அவர்களுள் ஒருவர் காயத்தோடு வந்து நிற்கும்போது ஒரு தாளை எடுத்து அந்த ஐந்து விவரங்களையும் எழுதிக் கொடுக்கலாமன்றோ?